கிட் ரெப்போவில் விடுபட்டதைச் சர்வரிலிருந்து கொண்டுவருவது எப்படி?

ரெப்போவை (கிட் என்ற பதிப்புப் பராமரிப்பு மென்பொருள் வரலாற்றோடு வைத்திருக்கும் திட்ட ஃபோல்டர்) குளோன் செய்தாகிவிட்டது, அதாவது சர்வரிலிருந்து பிரதி எடுத்தாகிவிட்டது. ஆனால் வரலாற்றைக் காட்டும் கிட் லாக் போட்டால் ஒரே ஒரு கமிட்தான் (வரலாற்றில் சேமித்த ஒரு பதிவு) தெரிகிறது. அல்லது உடன் வேலை செய்பவர் சொன்ன பிராஞ்ச் (தனிக் கிளையாகப் போகும் வேலை) இல்லை. அல்லது படக்கோப்பு திறக்க மறுக்கிறது. அளவைப் பார்த்தால் 130 பைட் சொச்சம். அல்லது ஒரு ஃபோல்டர் காலியாகக் கிடக்கிறது. இப்படி ஆனதும் எல்லோரும், சர்வரில் புதிதாக இருப்பதை எடுத்துவரும் கிட் ஃபெட்ச் அடித்துப் பார்ப்பார்கள். அது ஒன்றும் சொல்லாமல் முடிந்துவிடும், குறையும் அப்படியே இருக்கும். எத்தனை முறை அடித்தாலும் அதே கதைதான்.

ஃபெட்ச் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இது ஏன் என்று புரியும். அது சர்வரில் இருப்பதையும் உங்களிடம் இருப்பதையும் கோப்பு கோப்பாக ஒப்பிடுவதில்லை. சர்வர் தன் பிராஞ்ச்களின் நுனியில் உள்ள கமிட்கள் எவை என்று சொல்லும். உங்கள் கிட் அவற்றில் தன்னிடம் இல்லாததை மட்டும் கேட்கும். கூடவே தன்னிடம் இருக்கும் கமிட்கள் எவை என்றும் சொல்லும். ஒரு கமிட் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அதன் கீழே தொங்கும் பழைய கமிட்கள், ஃபோல்டர் பட்டியல்கள், கோப்புகள் எல்லாமே உங்களிடம் இருப்பதாகச் சர்வர் எடுத்துக்கொள்ளும். நுனி சரியாக இருந்தால் கேட்பதற்கு எதுவுமில்லை. நடுவில் ஓட்டை இருப்பது யாருக்கும் தெரியாது. அதனால் எந்த வகைக் குறை என்று முதலில் கண்டுபிடியுங்கள். வகைக்கு வகை கட்டளை மாறும்.

கட்டளைகளை இங்கே ஒலிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அதே சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். கோடு, சாய்கோடு, நட்சத்திரம், மேற்கோள் குறி எல்லாம் உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் 'கிட் ஹெல்ப் ஃபெட்ச்' போன்ற உதவிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன்

ஃபோல்டருக்குள் '.கிட்' என்ற மறைந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கிட்ஹப் பக்கத்திலிருந்து ஜிப் கோப்பாக இறக்கியிருந்தால் அது இருக்காது. அதில் வரலாறும் இல்லை, எந்தச் சர்வரிலிருந்து வந்தது என்ற விவரமும் இல்லை. அங்கே எந்த ஃபெட்ச் கட்டளையும் உதவாது. முறையாக குளோன் செய்வதுதான் வழி.

அடுத்து, தேடும் பொருள் சர்வரில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்:

கிட் எல்எஸ்-ரிமோட் ஆரிஜின்

ஆரிஜின் என்பது நீங்கள் குளோன் செய்த இடத்துக்கு கிட் வைக்கும் பெயர். இந்தக் கட்டளை எதையும் டவுன்லோடு செய்யாது. சர்வரில் உள்ள பிராஞ்ச், டேக் (ஒரு கமிட்டுக்கு ஒட்டிய அடையாளப் பெயர்) பெயர்களை அவற்றின் கமிட் எண்களோடு வரிசையாகக் காட்டும், அவ்வளவுதான். நீங்கள் தேடும் பிராஞ்ச் இந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் குறை உங்கள் பக்கம் இல்லை. எழுதியவர் இன்னும் புஷ் செய்யவில்லை (சர்வருக்கு அனுப்பவில்லை), அல்லது நீங்கள் அந்த ரெப்போவின் ஃபோர்க்கை, அதாவது சர்வரில் உள்ள வேறொரு தனிப் பிரதியை, பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பின்னது அடிக்கடி நடக்கும். 'கிட் ரிமோட் -வி' போட்டு முகவரியைச் சரிபாருங்கள்.

பழுது பார்க்கும்போது புல் வேண்டாம், ஃபெட்ச் மட்டும் போதும். ஃபெட்ச் உங்கள் வேலைக் கோப்புகளைத் தொடாது. புல், ஃபெட்ச் செய்த கையோடு மெர்ஜும் செய்யும், அதாவது வந்ததை உங்கள் பிராஞ்சோடு இணைத்துவிடும். பாதி வரலாறு மட்டும் இருக்கும் ரெப்போவில் அது புதுச் சிக்கலை இழுத்துவிடும்.

வரலாறு குறைவாக இருந்தால்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். நேரமும் டேட்டாவும் மிச்சம் என்று '--டெப்த் 1' (நுனியில் உள்ள ஒரு கமிட் மட்டும்) சேர்த்து குளோன் செய்திருப்பார்கள், அல்லது ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் அப்படிச் செய்திருக்கும். சோதிக்க:

கிட் ரெவ்-பார்ஸ் --இஸ்-ஷாலோ-ரெபாசிட்டரி

ட்ரூ என்று வந்தால் உங்களுடையது ஷாலோ குளோன். வரலாறு எங்கே வெட்டப்பட்டது என்பதை '.கிட்' ஃபோல்டருக்குள் உள்ள 'ஷாலோ' என்ற கோப்பு குறித்து வைத்திருக்கும். 'கிட் லாக் --ஒன்லைன்' போட்டால் பட்டியலின் அடியில் உள்ள கமிட்டின் அருகே 'கிராஃப்டெட்' என்று தெரியும்.

இதில் ஆபத்து என்னவென்றால், பல நேரங்களில் கிட் பிழை காட்டாமல் தவறான பதிலைத் தரும். லினக்ஸ் கெர்னல் ரெப்போவை டெப்த் 1-ல் எடுத்துவிட்டு ஏதாவது ஒரு கோப்புக்கு, எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பாருங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய வரி உட்பட எல்லா வரிக்கும் ஒரே கமிட், ஒரே பெயர், ஒரே தேதி வரும். ஒவ்வொரு கமிட் எண்ணுக்கும் முன்னால் ^ என்ற சிறு குறி இருக்கும். 'இதற்கு முந்தையது என்னிடம் இல்லை' என்பதைத்தான் கிட் அந்தக் குறியால் சொல்கிறது. குறியைக் கவனிக்காதவர் அத்தனை வரியையும் அந்த ஒரு ஆளே எழுதியதாக நினைத்துக்கொள்வார்.

முழு வரலாறும் வேண்டுமென்றால்:

கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ

முடிந்ததும் 'ஷாலோ' கோப்பு காணாமல் போகும், மேலே சொன்ன சோதனை ஃபால்ஸ் என்று வரும். ஏற்கெனவே முழுமையாக உள்ள ரெப்போவில் இதை ஓட்டினால், முழு ரெப்போவுக்கு இந்தக் கட்டளை பொருந்தாது என்று பிழை காட்டி நின்றுவிடும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சர்வரில் உள்ள ரெப்போவே ஷாலோவாக இருந்தால் அதில் இருப்பது வரைதான் வரும். கெர்னலில் முழுதாக எடுத்தாலும் வரலாறு 2005 ஏப்ரலில், 2.6.12-ஆர்சி2 பதிப்போடு நின்றுவிடும். கிட்டுக்கு மாறியபோது அங்கிருந்துதான் தொடங்கினார்கள். அதற்கு முந்தையது அந்த ரெப்போவில் இல்லவே இல்லை.

எல்லாம் வேண்டாம், கொஞ்சம் பின்னால் போனால் போதும் என்றால்:

கிட் ஃபெட்ச் --டீப்பன்=100
கிட் ஃபெட்ச் --ஷாலோ-சின்ஸ்=2024-01-01

முதலாவது, இப்போதைய வெட்டு எல்லையிலிருந்து இன்னும் 100 கமிட் ஆழம் பின்னால் போகும். இரண்டாவது, அந்தத் தேதிக்குப் பிந்தையவற்றைக் கொண்டுவரும். டீப்பனுக்குப் பதிலாக '--டெப்த்=100' போடுவதற்கு முன் யோசியுங்கள். டெப்த் நுனியிலிருந்து எண்ணும். உங்களிடம் ஏற்கெனவே 300 கமிட் ஆழம் இருந்தால், அது 100 ஆகச் சுருங்கிவிடும்.

மெர்ஜ் செய்யும்போது 'ரெஃப்யூசிங் டு மெர்ஜ் அன்ரிலேட்டட் ஹிஸ்டரீஸ்' என்று வந்தாலும் முதலில் ஷாலோவா என்றே சோதியுங்கள். இரண்டு பிராஞ்சும் பிரிந்த இடம் வெட்டு எல்லைக்கு அப்பால் போயிருக்கும்; பொதுவான மூதாதை கமிட் கிடைக்காமல் கிட் கையை விரிக்கிறது. இணையத்தில் தேடினால் '--அலவ்-அன்ரிலேட்டட்-ஹிஸ்டரீஸ்' சேர்க்கச் சொல்வார்கள். இங்கே அதைச் செய்யாதீர்கள். இரு பக்கமும் வேறுபடும் கோப்பெல்லாம் மோதலாக வந்து நிற்கும். வரலாற்றை ஆழப்படுத்திவிட்டு மீண்டும் மெர்ஜ் செய்தால் பெரும்பாலும் சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

சிஐ சர்வர்களில் (புஷ் செய்ததும் பில்டையும் சோதனைகளையும் தானாக ஓட்டுபவை) இதே குறை வேறு முகத்தோடு வரும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் படி இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் எடுக்கும். பதிப்பு எண்ணை 'கிட் டிஸ்க்ரைப்' மூலம் எடுக்கும் பில்டு, பெயர் எதுவும் கிடைக்கவில்லை என்று அங்கே விழுந்துவிடும். உங்கள் கணினியில் நன்றாக ஓடும். செக்அவுட் படியில் 'ஃபெட்ச்-டெப்த்: 0' என்று சேர்த்தால் முழு வரலாறும் எல்லா பிராஞ்ச்களும் டேக்குகளும் வரும். கிட்லேபில் 'கிட்_டெப்த்' மாறிக்கு 0 கொடுக்க வேண்டும். அந்தப் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

பிராஞ்ச் தெரியவில்லை

'--டெப்த்' கொடுத்து குளோன் செய்தால், கேட்காமலேயே ஒரு பிராஞ்ச் மட்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துவிடும். அதனால் வரலாற்றை முழுதாக்கிய பிறகும் மற்ற பிராஞ்ச்கள் வராது. காரணத்தை இங்கே பார்க்கலாம்:

கிட் கான்ஃபிக் --கெட்-ஆல் ரிமோட்.ஆரிஜின்.ஃபெட்ச்

விடையில் 'ஹெட்ஸ்/' என்பதற்குப் பின் நட்சத்திரம் இருந்தால் எல்லா பிராஞ்சும் வரும். 'மெயின்' என்று ஒரே பெயர் இருந்தால் அது மட்டும்தான் வரும்.

கிட் ரிமோட் செட்-பிராஞ்சஸ் ஆரிஜின் '*'
கிட் ஃபெட்ச் ஆரிஜின்

நட்சத்திரத்தைச் சுற்றி மேற்கோள் குறி கட்டாயம். இல்லாவிட்டால் ஷெல் அதை அந்த ஃபோல்டரின் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். பிறகு உங்கள் கோப்புப் பெயர்களிலெல்லாம் பிராஞ்ச் தேடிக்கொண்டிருக்கும் கிட்.

ஒரு பிராஞ்ச் மட்டும் போதும் என்பவர்கள் 'கிட் ஃபெட்ச் ஆரிஜின் டெவ்' என்று அடித்துவிட்டு, 'கிட் ஸ்விட்ச் டெவ்' போட்டதும் அப்படி ஒன்று இல்லை என்று பிழை வருவதைப் பார்த்துக் குழம்புவார்கள். டேட்டா வந்துவிட்டது. ஆனால் மேற்சொன்ன அமைப்பில் டெவ் இல்லாததால், அதற்கு 'ஆரிஜின்/டெவ்' என்ற பெயர் வைக்கப்படவில்லை; 'ஃபெட்ச்_ஹெட்' என்ற தற்காலிகக் குறிப்பில் மட்டும் இருக்கிறது. முதலில் அமைப்பில் சேர்த்துவிட்டு எடுங்கள்:

கிட் ரிமோட் செட்-பிராஞ்சஸ் --ஆட் ஆரிஜின் டெவ்
கிட் ஃபெட்ச் ஆரிஜின் டெவ்
கிட் ஸ்விட்ச் டெவ்

ரெப்போ ஷாலோவாகவே இருக்கட்டும் என்றால் இரண்டாவது வரியில் '--டெப்த்=1' சேருங்கள். சேர்க்காவிட்டால், அந்த பிராஞ்ச் வெட்டு எல்லைக்கு முன்பே பிரிந்திருக்கும் பட்சத்தில் அதன் பழைய வரலாறு மொத்தமும் இறங்கத் தொடங்கும்.

கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட்டில் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) உள்ள கமிட்கள் சாதாரண ஃபெட்சில் வருவதில்லை. 123-ம் எண் ரிக்வெஸ்ட்டை எடுக்க 'கிட் ஃபெட்ச் ஆரிஜின் புல்/123/ஹெட்:பிஆர்-123' என்று கொடுங்கள். கடைசியில் உள்ளது நீங்கள் வைக்கும் பெயர்.

டேக்குகளைப் பொறுத்தவரை, நீங்கள் எடுக்கும் வரலாற்றில் இருப்பவற்றை கிட் தானாகவே கொண்டுவரும். மற்றவற்றுக்கு 'கிட் ஃபெட்ச் --டேக்ஸ்'. ஏற்கெனவே உள்ள டேக்கை மேலெழுத மாட்டேன் என்று மறுத்தால், சர்வரில் அந்த டேக்கை யாரோ வேறு கமிட்டுக்கு நகர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது வேண்டுமென்றே செய்ததுதானா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே '--ஃபோர்ஸ்' சேருங்கள்.

கோப்பு இருக்கிறது, உள்ளே சரக்கு இல்லை

படம், ஒலி, மாடல் கோப்பு போன்றவை திறக்கவில்லை என்றால் அதை எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள். மூன்றே வரி இருக்கும்: 'வெர்ஷன்' என்று தொடங்கும் ஒரு முகவரி, 'ஓஐடி' என்று நீளமான எண், 'சைஸ்' என்று உண்மையான அளவு. இது கிட் எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளுக்கான கிட்டின் துணை மென்பொருள்) வைத்த அடையாளச் சீட்டு. உண்மையான கோப்பு வேறு சேமிப்பிடத்தில் இருக்கிறது. சாதாரண ஃபெட்ச் அந்தப் பக்கம் போவதில்லை.

கிட் எல்எஃப்எஸ் இன்ஸ்டால்
கிட் எல்எஃப்எஸ் புல்

'எல்எஃப்எஸ்' என்ற கட்டளையே இல்லை என்று வந்தால், அந்த மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். 'இன்ஸ்டால்' வரி ஒரு கணினியில் ஒரு பயனருக்கு ஒருமுறை போதும். 'கிட் எல்எஃப்எஸ் எல்எஸ்-ஃபைல்ஸ்' போட்டால், இறங்கிய கோப்பின் அருகே நட்சத்திரமும், இன்னும் சீட்டாகவே இருப்பதன் அருகே கழித்தல் குறியும் காட்டும். சர்வரில் அந்தப் பொருள் இல்லை, 404 என்று பிழை வந்தால் உங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கோப்பைச் சேர்த்தவர் சீட்டை மட்டும் புஷ் செய்திருக்கிறார். அவர் தன் கணினியிலிருந்து 'கிட் எல்எஃப்எஸ் புஷ் --ஆல் ஆரிஜின்' ஓட்டினால்தான் தீரும். அவர் தன் பழைய குளோனை அழிக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

காலி ஃபோல்டர்

'.கிட்மாட்யூல்ஸ்' என்ற கோப்பு இருந்தால், காலி ஃபோல்டர் ஒரு சப்மாட்யூல். உங்கள் ரெப்போ அதன் கமிட் எண்ணை மட்டும் வைத்திருக்கிறது. உள்ளடக்கம் வேறு ரெப்போவில் உள்ளது.

கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்

சப்மாட்யூலின் முகவரி இடையில் மாறியிருந்தால் பழைய முகவரிக்கே போய்த் தட்டிக்கொண்டிருக்கும். 'கிட் சப்மாட்யூல் சிங்க் --ரிகர்சிவ்' ஓட்டிவிட்டு மேற்கண்டதை மறுபடி ஓட்டுங்கள். 'நாட் அவர் ரெஃப்' என்ற பிழை வந்தால், மேல் ரெப்போவைப் புஷ் செய்தவர் சப்மாட்யூலைப் புஷ் செய்ய மறந்திருக்கிறார், அல்லது அங்கே ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் உள்ள வரலாற்றை மேலெழுதும் புஷ்) செய்து அந்த கமிட் தொலைந்திருக்கிறது.

வேண்டும்போது மட்டும் இறங்கும் குளோன்

'--ஃபில்டர்=பிளாப்:நன்' என்று குளோன் செய்தால் கமிட் வரலாறு முழுதும் வரும்; பழைய கோப்புகளின் உள்ளடக்கம் கேட்கும்போதுதான் இறங்கும். இணைப்பு இருக்கும்வரை குறை தெரியாது. ரயிலில் உட்கார்ந்து பழைய கமிட்டைத் திறந்தால், 'பிராமிசர் ரிமோட்'டிலிருந்து எடுக்க முடியவில்லை என்று நின்றுவிடும். வேலையை வெளியூருக்கு எடுத்துப் போகும் முன் முழுதாக்கிக்கொள்ளலாம்:

கிட் கான்ஃபிக் --அன்செட் ரிமோட்.ஆரிஜின்.பார்ஷியல்குளோன்ஃபில்டர்
கிட் ஃபெட்ச் --ரீஃபெட்ச்

ரீஃபெட்ச் உங்களிடம் இருப்பதைக் கணக்கில் எடுக்காமல், புதிதாக குளோன் செய்வதுபோல எல்லாவற்றையும் மறுபடி கேட்கும். டேட்டா செலவு ஒரு முழு குளோன் அளவு ஆகும். கிட் 2.36 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். 2.49 முதல் 'கிட் பேக்ஃபில்' என்ற சோதனை நிலைக் கட்டளையும் உண்டு. அது விடுபட்ட கோப்புகளை மட்டும் தொகுதி தொகுதியாகக் கேட்பதால் செலவு குறையும்.

ரெப்போவே சேதமானால்

மின்சாரம் போய் கணினி திடீரென்று அணைந்தாலோ, டிஸ்க் நிரம்பினாலோ, '.கிட்' ஃபோல்டரை ட்ராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவுச் சேவைக்குள் வைத்தாலோ சில ஆப்ஜெக்ட் கோப்புகள் (கமிட், கோப்பு உள்ளடக்கம் போன்றவற்றை கிட் சேமிப்பவை) 0 பைட் ஆகிவிடும், அல்லது காணாமல் போகும். இந்த ஓட்டையைச் சாதாரண ஃபெட்ச் அடைக்காது; காரணம் தொடக்கத்தில் சொன்னதுதான்.

முதலில் ஃபோல்டர் முழுவதையும் '.கிட்' உட்பட வேறிடத்தில் பிரதி எடுங்கள். இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. 'கிட் ஜிசி', 'கிட் புரூன்' இரண்டையும் தொடாதீர்கள். மீட்கக்கூடிய துண்டுகளையும் அவை துடைத்துவிடலாம். பிறகு:

கிட் எஃப்எஸ்சிகே --ஃபுல்

'டேங்லிங்' என்று வரும் வரிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். யாரும் சுட்டாத உதிரிகள் அவை. ஆரோக்கியமான ரெப்போவிலும் இருக்கும். 'மிஸ்ஸிங்', 'கரப்ட்', 'எம்ப்டி', 'புரோக்கன் லிங்க்' என்று வருபவைதான் சேதம். காலியான அல்லது கெட்ட ஆப்ஜெக்ட் கோப்புகளை '.கிட்/ஆப்ஜெக்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து வெளியே நகர்த்துங்கள். அவை அங்கேயே இருந்தால், அதே எண்ணில் நல்ல பிரதி வரும்போது கிட் பழையதோடு ஒப்பிடப் போய் அங்கேயே இடறும். இனி:

கிட் ஃபெட்ச் --ரீஃபெட்ச் ஆரிஜின்

முடிந்ததும் எஃப்எஸ்சிகே மறுபடி ஓட்டுங்கள். பழைய கிட் என்பதாலோ, ஒரு பிராஞ்ச் குறிப்பே உடைந்திருப்பதாலோ ரீஃபெட்ச் ஓடவில்லை என்றால், பக்கத்தில் இன்னொரு ஃபோல்டரில் புதிதாக குளோன் செய்து, அதன் '.கிட்/ஆப்ஜெக்ட்ஸ்/பேக்' ஃபோல்டரில் உள்ள கோப்புகள் அத்தனையையும் சேதமான ரெப்போவின் அதே ஃபோல்டருக்குள் நகலெடுங்கள். ஒவ்வொரு 'பேக்' கோப்புக்கும் ஒரு 'ஐடிஎக்ஸ்' கோப்பு துணையாக வரும். ஒன்றை விட்டு ஒன்றை எடுத்தால் பயனில்லை.

இதற்குப் பிறகும் 'மிஸ்ஸிங் பிளாப்' (பிளாப் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கம்) மிஞ்சினால் அது நீங்கள் புஷ் செய்யாத வேலை, சர்வருக்குத் தெரியாது. அந்தக் கோப்பின் அதே வடிவம் வேலை ஃபோல்டரில் இன்னும் இருந்தால் 'கிட் ஹாஷ்-ஆப்ஜெக்ட் -டபிள்யூ' என்பதோடு கோப்பின் பெயரைக் கொடுங்கள். திரும்பி வரும் எண், விடுபட்ட எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் ஓட்டை அடைபட்டுவிட்டது. ஒரு இடைவெளி மாறியிருந்தாலும் எண் வேறாகிவிடும்.

இணைப்பு அறுந்துகொண்டே இருந்தால்

கிட் குளோன் பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடராது. 'எர்லி இஓஎஃப்' என்று 90 சதவீதத்தில் விழுந்தாலும் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். இதற்குத் தீர்வாக 'எச்டிடிபி.போஸ்ட்பஃபர்' மதிப்பைக் கூட்டும்படி பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது நீங்கள் சர்வருக்கு அனுப்பும் டேட்டாவுக்கான அமைப்பு, டவுன்லோடுக்கு உதவாது. டெப்த் 1-ல் குளோன் செய்துவிட்டு, 'டீப்பன்' மூலம் சில நூறு கமிட்களாகப் பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு முறை முடிந்ததும் அதுவரை வந்தது பத்திரமாகிவிடும். அறுந்தால் அந்த ஒரு தவணை மட்டுமே வீண்.

பக்கத்தில் முழு ரெப்போ வைத்திருப்பவர் யாராவது இருந்தால் இணையமே தேவையில்லை. அவர் கணினியில்:

கிட் பண்டில் கிரியேட் திட்டம்.பண்டில் --ஆல்

இதில் உருவாகும் ஒற்றைக் கோப்பை பென் டிரைவில் வாங்கி வந்து, உங்கள் ரெப்போவில்:

கிட் ஃபெட்ச் ../திட்டம்.பண்டில் '+ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/*:ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/ஆரிஜின்/*'

பிறகு 'கிட் ஃபெட்ச் ஆரிஜின்' ஒருமுறை ஓட்டினால், பண்டில் எடுத்த பிறகு சர்வரில் சேர்ந்தவை மட்டும் இறங்கும். பண்டில் தருபவரின் ரெப்போ ஷாலோ இல்லை என்பதை அவர் கணினியிலேயே முதலில் சோதித்துவிடுங்கள்.